பில்ட் நடக்கும் இடமும் சாவி இருக்கும் இடமும்

(மென்பொருள் தயாரிப்பு முறைகள் பற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரில், சோலார்விண்ட்ஸ் என்றொரு நிறுவனம் இருக்கிறது. கணினி வலையமைப்புகளைக் கண்காணிக்கும் ‘ஓரியன்’ என்ற மென்பொருள் அவர்களுடையது. 2020 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தின் பில்ட் சர்வருக்குள், அதாவது மூலநிரலை ஓடும் மென்பொருளாகக் கட்டும் கணினிக்குள், ஒரு சிறு நிரல் குடியேறியது. பிற்பாடு அதை ஆராய்ந்த கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அதற்கு ‘சன்ஸ்பாட்’ என்று பெயர் வைத்தது. சர்வரில் எம்எஸ்பில்ட் என்ற பில்ட் கருவி ஓடுகிறதா என்று அது நொடிக்கொருமுறை பார்க்கும். ஓடினால், கட்டப்படுவது ஓரியன்தானா என்று பார்க்கும். ஆம் என்றால், ஒரேயொரு மூலநிரல் கோப்பை அப்புறப்படுத்திவிட்டுத் தன் கோப்பை அந்த இடத்தில் வைக்கும். கம்பைலர் வேலையை முடித்ததும் பழைய கோப்பு பழைய இடத்துக்கே வந்துவிடும். புதிய வரிகளால் எச்சரிக்கைச் செய்தி ஏதாவது எழுந்து, பொறியாளர் யாராவது உற்றுப் பார்த்துவிடக் கூடாதே! அதற்காக எச்சரிக்கைகளை அணைத்துவைக்கும் கட்டளையையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள்.

ரெப்போவில், அதாவது நிரல் களஞ்சியத்தில், இருந்த மூலநிரல் சுத்தமாகவே இருந்தது. அதைப் படித்துச் சரிபார்த்தவர்கள் கண்ணில் படும்படி அங்கே எதுவும் இல்லை. வெளியே வந்த பொருள்தான் வேறு. நிறுவனத்தின் சொந்த டிஜிட்டல் கையொப்பத்தோடு 2020 மார்ச் முதல் அது வாடிக்கையாளர்களுக்குப் போயிற்று. 18,000 வாடிக்கையாளர்கள் வரை அதை நிறுவியிருக்கக்கூடும் என்று நிறுவனமே பின்னர் சொன்னது. ஃபயர்ஐ நிறுவனம் தன் வலையமைப்பிலேயே ஊடுருவல் நடந்ததைக் கண்டு, தடம் பற்றிப் பின்னோக்கிப் போனபோதுதான், டிசம்பரில் விஷயம் வெளிவந்தது. அமெரிக்க மத்திய அரசின் 9 அமைப்புகளும் ஏறத்தாழ 100 தனியார் நிறுவனங்களும் ஊடுருவப்பட்டதாக 2021 பிப்ரவரியில் வெள்ளை மாளிகை தெரிவித்தது.

நிரல் எழுதப்படும் இடம் ஒன்று, அது ஓடும் இடம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே இருக்கும் மூன்றாவது இடத்தைப் பற்றியது இந்தப் பேச்சு. இன்றைய நிறுவனங்கள் பலவற்றில் அது ஓர் இடமாகவே இல்லை. பத்து, இருபது கிளவுட் ப்ராஜெக்டுகளில் சிதறிக் கிடக்கிறது. சிதறியதை ஒன்றுசேர்க்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. எதைச் சேர்ப்பது, எதைப் பிரித்தே வைப்பது என்பதில்தான் சிக்கல் எல்லாம்.

ஒரு மூலையில் இருந்த கணினி

பில்ட் என்பதன் வரலாறு ஒரு காலைப்பொழுது வீணான கோபத்தில் தொடங்குகிறது. பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் தன் நிரலில் இருந்த பிழையைத் திருத்திவிட்டார். ஆனால் திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய விட்டுப்போயிற்று. சரியாக இருந்த நிரலில் காலை முழுவதும் பிழை தேடிவிட்டுப் சக ஊழியர் ஒருவரின் அறைக்குப் போய்ப் புலம்பினார். அந்த அறைக்காரர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். அவருக்கும் அதே தொல்லை இருந்தது. எந்தக் கோப்பு மாறியிருக்கிறதோ அதையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டும் மறுபடி கட்டும் ‘மேக்’ என்ற கருவியை 1976-இல் அவர் எழுதினார். அரை நூற்றாண்டு ஆகிறது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

அடுத்த கட்டம் 2000-த்தை ஒட்டி வந்தது. ஒவ்வொருவரும் தன் கணினியில் தனியாக எழுதி, மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒட்டவைத்து அல்லாடாமல், ஒருவர் நிரலைச் சேர்க்கும்போதெல்லாம் பொதுவான கணினி ஒன்று முழுவதையும் கட்டிச் சோதித்துப் பார்க்கட்டும் என்ற பழக்கம் பரவியது. மார்ட்டின் ஃபௌலரும் மேத்யூ ஃபோமெலும் 2000-இல் எழுதிய கட்டுரை அதற்கு உருவம் கொடுத்தது. 2001-இல் க்ரூஸ்கன்ட்ரோல் வந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பணிபுரிந்த கோசுகே கவகுச்சி 2004-இல் ஹட்சனை எழுதத் தொடங்கினார். சன்னை வாங்கிய ஆரக்கிளோடு பெயர் உரிமையில் தகராறு வர, 2011-இல் அதே கருவி ஜென்கின்ஸ் ஆனது.

அந்தக் காலத்தில் ஜென்கின்ஸ் ஓடிய கணினி பெரும்பாலும் அலுவலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பார். அவர் விடுமுறையில் போனால் ரிலீஸும் விடுமுறையில் போகும். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது பில்ட் ஏற்கெனவே ஒரே இடத்தில்தான் இருந்தது. அதைச் சிதறடித்தது கிளவுட்.

சிதறியது எப்படி

கூகுள் கிளவுடில் ‘ப்ராஜெக்ட்’ என்பது வெறும் அடைவு கிடையாது. யார் உள்ளே நுழையலாம், எவ்வளவு பயன்படுத்தலாம், பில் யார் கணக்கில் விழும் என்ற மூன்றுக்கும் அதுதான் எல்லை. அமேசானில் இதே வேலையை ‘அக்கவுண்ட்’ செய்கிறது. மைக்ரோசாஃப்டின் அஸ்யூரில் ‘சப்ஸ்க்ரிப்ஷன்’. ஆகவே, சோதனைக்கு ஒரு ப்ராஜெக்ட், வாடிக்கையாளர் பயன்பாட்டுக்கு, அதாவது புரொடக்‌ஷனுக்கு, ஒரு ப்ராஜெக்ட் என்று பிரித்துவைப்பது நல்ல வழக்கம். சோதனையில் ஒருவர் தரவுத்தளத்தையே தவறி அழித்தாலும் அந்தப் பக்கம் ஒன்றும் ஆகாது. ஐந்து குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் மேம்பாடு, சோதனை, புரொடக்‌ஷன் என்றால் 15 ப்ராஜெக்டுகள் ஆயிற்று.

பில்ட் கருவியும் ஒவ்வொரு ப்ராஜெக்டுக்குள்ளேயே ஒரு பொத்தான் தூரத்தில் வந்து நின்றது. கூகுளின் கண்டெய்னர் பில்டர் 2017-இல் வந்தது. 2018-இல் அதற்குக் கிளவுட் பில்ட் என்று பெயர் மாறியது. அமேசானின் கோட்பில்ட் 2016 டிசம்பரில் வந்தது. அவசரத்தில் இருக்கும் குழு என்ன செய்யும்? தன் ப்ராஜெக்டிலேயே அதை இயக்கிவிடும். பக்கத்துக் குழுவின் பில்ட் செய்முறையான யாமல் கோப்பை நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளும்.

இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் 15 இடங்களில் 15 பைப்லைன்கள், அதாவது கட்டுவதிலிருந்து வெளியிடுவது வரையிலான வேலைத்தொடர்கள். ஒன்றில் பாதுகாப்புச் சோதனை இருக்கும். இன்னொன்றில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை நேரமாகிவிட்டதென்று யாரோ அந்த வரியைக் கமெண்ட் ஆக்கி முடக்கிவைத்திருப்பார்கள். கட்டிமுடித்த பொதிகளான இமேஜ்களின் சேமிப்புக் கிடங்கான ரெஜிஸ்ட்ரியும் 15. இதைவிட மோசம், ஒரே நிரலைச் சோதனைக்கு ஒருமுறையும் புரொடக்‌ஷனுக்கு ஒருமுறையுமாகத் தனித்தனியாகக் கட்டுவது. இரண்டு பில்டுகளுக்கும் இடையே, நிரல் சார்ந்திருக்கும் நூலகம் ஒன்றின் புதிய பதிப்பு வந்திருக்கலாம். அடித்தள இமேஜ் மாறியிருக்கலாம். சோதித்தது ஒன்று, வாடிக்கையாளருக்குப் போனது வேறொன்று.

இதன் விலை இரண்டு முறை பளிச்சென்று தெரிந்தது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் பெரிய ஓட்டை வெளியானது. அந்த வாரம் உலகெங்கும் மேலாளர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நம்மிடம் அது எங்கெல்லாம் இருக்கிறது? எல்லா இமேஜும் ஒரே கிடங்கில் இருந்த நிறுவனங்களுக்கு அது ஒரு தேடல். சிதறி வைத்திருந்தவர்களுக்கு, யார் யாரிடம் எந்த ப்ராஜெக்ட் இருக்கிறது என்று விசாரிப்பதிலேயே நாள்கள் போயின. இரண்டாவது, கூகுள் தன் பழைய கண்டெய்னர் ரெஜிஸ்ட்ரியை மூடியது. 2023 மே மாதம் அறிவித்து, 2025 மார்ச் 18 முதல் அதில் புதிதாக எதையும் எழுத முடியாதபடி நிறுத்தினார்கள். ஒரே கிடங்கு வைத்திருந்தவர் ஒருமுறை மாறினார். 40 ப்ராஜெக்டுகளில் வைத்திருந்தவர் 40 முறை மாற வேண்டியிருந்தது.

பைப்லைனே இல்லாமல் கையால் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் நைட் கேப்பிட்டல் நிறுவனத்தின் புதிய நிரல் இயங்க வேண்டும். 8 சர்வர்களில் 7-இல் நகலெடுத்த தொழில்நுட்பப் பணியாளர் எட்டாவதை விட்டுவிட்டார். அதில் வருடக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு ஆர்டர்களை அள்ளி வீசியது. சுமார் 45 நிமிடங்களில் நட்டம் 46 கோடி டாலருக்கு மேல். இத்தகைய வேலையை இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வ நடைமுறை அங்கே இல்லை என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காணையம் தன் உத்தரவில் குறிப்பிட்டது.

குபர்னெட்டீஸ் என்ன செய்தது

பல ப்ராஜெக்டுகளின் பில்டை ஒழுங்குபடுத்தியதற்குத் திறந்த வெளியில், எவரும் போய்ப் பார்க்கக்கூடிய எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. அது குபர்னெட்டீஸ். கண்டெய்னர்களை, அதாவது ஓடும் இமேஜ்களை, மேய்க்கும் இந்தத் திறமூல மென்பொருள் 2014-இல் கூகுளில் பிறந்து, பின்னர் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷன் என்ற பொது அமைப்பின் கீழ் வந்தது. பெயர் பொதுவானதே தவிர, பில்டும் கிடங்கும் நெடுங்காலம் கூகுளின் உள் ப்ராஜெக்டுகளிலேயே இருந்தன. வெளி நிறுவனத்தில் இருப்பவர் முக்கியப் பங்களிப்பாளராக இருக்கலாம். ஆனால் அதிகாரபூர்வ இமேஜை வெளியிட ஒரு கூகுள் ஊழியரின் கை தேவைப்பட்டது.

2018 ஆகஸ்டில் கூகுள் மூன்றாண்டுகளுக்கு 90 லட்சம் டாலர் மதிப்புள்ள கிளவுட் கிரெடிட்டை அந்த அமைப்புக்குக் கொடுத்தது. இனி உங்கள் கட்டமைப்பை நீங்களே நடத்திக்கொள்ளுங்கள் என்பதுதான் ஏற்பாடு. தன்னார்வலர்கள் கையில் உலகமே இறக்கும் இமேஜ்களின் கிடங்கு வரப்போகிறது. நூற்றுக்கணக்கானவர்கள் பங்களிக்கிறார்கள், துணைத் திட்டங்கள் ஏராளம். எல்லோருக்கும் புரொடக்‌ஷன் கிடங்கில் எழுதும் உரிமை கொடுத்தால் விபரீதம். யாருக்கும் கொடுக்காவிட்டால் பழையபடி ஒரு சிலரின் வாசலில் எல்லோரும் காத்துக்கிடக்க வேண்டும்.

அவர்கள் கண்ட வழி இப்படி இருந்தது. ஒவ்வொரு துணைத் திட்டத்துக்கும் ‘ஸ்டேஜிங்’ என்ற தனி கூகுள் கிளவுட் ப்ராஜெக்ட். எப்படிக் கட்டுவது என்ற செய்முறை, அதாவது கிளவுட் பில்டுக்கான யாமல் கோப்பு, அந்தந்தத் துணைத் திட்டத்தின் ரெப்போவிலேயே இருக்கும். நிரல் சேர்ந்ததும், குபர்னெட்டீஸின் மைய பைப்லைன் கருவியான ‘ப்ரோ’ அதைக் கவனித்து, நம்பகமான வேலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட தனிக் கணினித் தொகுப்பான க்ளஸ்டரில் ஒரு வேலையைத் தொடங்கும். அந்த வேலை, உரிய ஸ்டேஜிங் ப்ராஜெக்டில் கிளவுட் பில்டை இயக்கும். இமேஜ் ஸ்டேஜிங் கிடங்கில் போய் உட்காரும்.

அங்கிருந்து புரொடக்‌ஷனுக்குப் போக நேர்வழி கிடையாது. அதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். குழுவில் ஒருவர், பொதுவான இன்னொரு ரெப்போவில் இருக்கும் பட்டியலில் ஒரு வரி சேர்த்து, ஒப்புதல் கேட்டு அனுப்ப வேண்டும். அந்த வரியில் இருப்பது இமேஜின் ஷா-256 டைஜஸ்ட். உள்ளே ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும் கைரேகை. அதன் பக்கத்தில், வெளியில் தெரிய வேண்டிய பதிப்பு எண். உரிமையுள்ளவர்கள் ஒப்புதல் தந்து அந்த வரி சேர்ந்தபின், ‘ப்ரொமோட்டர்’ என்ற கருவி அந்த டைஜஸ்ட் கொண்ட இமேஜை அப்படியே புரொடக்‌ஷன் கிடங்குக்கு நகலெடுக்கும். மறுபடி கட்டுவதில்லை. மனிதர் யாருடைய கையும் அன்றாடம் புரொடக்‌ஷன் கிடங்கைத் தொடுவதில்லை. 2022 மே மாதம் வந்த 1.24 பதிப்பிலிருந்து வெளியாகும் இமேஜ்களில் சிக்ஸ்டோர் முறையில் கையொப்பமும் ஏறியது.

இதில் மையப்படுத்தப்பட்டது எது, படாதது எது என்று பிரித்துப் பார்த்தால் ஒரு கணக்கு கிடைக்கிறது. பில்டைத் தொடங்கும் அதிகாரம் மையத்தில். புரொடக்‌ஷன் கிடங்கும் அதற்கான ஒப்புதல் வழியும் மையத்தில். செய்முறையும் ஸ்டேஜிங் கிடங்கும் குழுவிடம். ஒரு துணைத் திட்டத்தின் செய்முறையில் கோளாறு புகுந்தால் அதன் ஸ்டேஜிங் ப்ராஜெக்டோடு சேதம் நின்றுவிடும். பக்கத்துத் திட்டத்தின் இமேஜை அதால் தொட முடியாது. சிதறியிருந்த காலத்தின் நன்மையான எல்லைகளை விட்டுவிடாமல், தீமையான ஆளுக்கொரு கிடங்கை மட்டும் ஒழித்தார்கள்.

கிடங்கு பொதுவானதால் இன்னொன்றும் கைகூடியது. பழைய கிடங்கு முகவரி கூகுளோடு கட்டப்பட்டிருந்தது. அமேசானிலிருந்து யாராவது இமேஜ் இறக்கினாலும் கூகுள் கிரெடிட்தான் கரையும். புதிய முகவரியை 2022 இறுதியில் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கேட்பவர் அமேசானுக்குள் இருந்தால் அமேசானிலேயே வைத்திருக்கும் பிரதிக்கு அது திருப்பிவிடும். 2023 ஏப்ரல் 3 அன்று பழைய கிடங்கு உறைந்தது; அதன்பின் புதிய பதிப்பு எதுவும் அதில் ஏறவில்லை.

சாதாரண நிறுவனத்தில்

சாதாரண நிறுவனம் ஒன்று கூகுள் கிளவுடில் இதையே செய்யப் புகுந்தால் வரைபடம் எளிது. பில்ட் ஓட ஒரு ப்ராஜெக்ட். இமேஜ்கள் சேர ஒரு ப்ராஜெக்ட். செயலிகள் ஓடப் பழையபடி அவரவர் ப்ராஜெக்டுகள். வரைபடத்தில் அம்புக்குறி போடுவது ஐந்து நிமிட வேலை. அந்த அம்புக்குறிக்குப் பின்னால் உள்ள உரிமைகளைச் சரிசெய்வதில் வாரங்கள் ஓடும்.

முதல் சறுக்கல் எல்லா இடத்திலும் ஒன்றுதான். பில்ட் செய்யும் சர்வீஸ் அக்கவுண்ட், அதாவது மனிதருக்குப் பதிலாக இயந்திரம் பயன்படுத்தும் கணக்கு, புரொடக்‌ஷன் ப்ராஜெக்டில் டெப்ளாய் செய்யும், அதாவது செயலியை ஓடவிடும், உரிமையைப் பெற்றிருக்கும். கட்டளையும் போகும். ஆனால் இமேஜை இறக்க முடியவில்லை என்று பிழை வரும். காரணம், கிளவுட் ரன் சேவையில் கிடங்கிலிருந்து இமேஜை எடுப்பது அந்தக் கணக்கு மட்டுமல்ல. புரொடக்‌ஷன் ப்ராஜெக்டுக்கென்று கூகுள் வைத்திருக்கும் சர்வீஸ் ஏஜென்ட் என்ற வேறொரு கணக்கும் எடுக்கிறது. கிடங்கு ப்ராஜெக்டில் படிக்கும் உரிமையை அதற்கும் தர வேண்டும். குபர்னெட்டீஸ் க்ளஸ்டர் என்றால் அதன் நோடுகள், அதாவது அதிலுள்ள கணினிகள், எந்தக் கணக்கில் ஓடுகின்றனவோ அதற்குத் தர வேண்டும். எல்லாம் ஒரே ப்ராஜெக்டில் இருந்தவரை இந்த உரிமைகள் தாமாகவே கிடைத்துக்கொண்டிருந்ததால், இப்படியொன்று இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

இன்னொன்று, வேறொரு கணக்காக நடிக்கும் உரிமை. டெப்ளாய் செய்யும் கணக்கு, ஓடப்போகும் செயலியோடு அதன் கணக்கை இணைத்துவிட வேண்டும். அதற்குத் தனி அனுமதி உண்டு. அவசரத்தில் அந்த அனுமதியை ப்ராஜெக்ட் முழுமைக்கும் கொடுத்துவிடுவார்கள். அங்குள்ள எந்தக் கணக்காகவும் மாறும் சக்தி பில்டுக்கு வந்துவிடும். ஒரேயொரு கணக்கின்மீது மட்டும் கொடுக்க முடியும். கொடுக்க வேண்டியதும் அப்படித்தான்.

அமேசானிலும் இதேபோல் ஒரு முள் இருக்கிறது. கோட்பைப்லைன் ஒரு அக்கவுண்டிலிருந்து இன்னொரு அக்கவுண்டுக்கு டெப்ளாய் செய்யும்போது, இடையில் வைக்கும் கோப்புகளைப் பூட்டும் குறியாக்கச் சாவி அமேசானின் இயல்பான சாவியாக இருக்கக் கூடாது. அதை வெளி அக்கவுண்டோடு பகிர முடியாது. சொந்தமாக உருவாக்கிய சாவி வேண்டும். அதில் மறு அக்கவுண்டுக்கு அனுமதி வேண்டும். கோப்பு வைத்திருக்கும் பக்கெட்டிலும் அனுமதி வேண்டும். அந்தப் பக்கம் ஏற்றுக்கொள்ளும் ரோலும் வேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் வரும் செய்தி ‘அனுமதி இல்லை’ என்பது மட்டும்தான். யார், எதற்கு, எங்கே என்பதையெல்லாம் தேடித்தான் எடுக்க வேண்டும்.

எல்லாப் பயன்பாடுகளுக்கும் சேர்த்து ஒரே சர்வீஸ் அக்கவுண்ட் வைத்துவிட்டால் இந்தத் தலைவலி பாதி குறையும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்தவர்கள் பலர். அப்படிச் செய்தால் உள்ளூர் விடுமுறைப் பட்டியலைக் காட்டும் சின்னச் செயலியின் பில்டுக்கும், பணப் பட்டுவாடா செயலியை மாற்றும் அதிகாரம் வந்துவிடும். பயன்பாட்டுக்கு ஒரு கணக்கு, அந்தக் கணக்குக்கு அந்தப் பயன்பாடு ஓடும் இடத்தில் மட்டும் உரிமை என்றால் எண்ணிக்கை கூடும். ஆனால் அதை, கிளவுட் அமைப்புகளை நிரலாக எழுதவைக்கும் டெராஃபார்ம் போன்ற கருவியில் ஒரு அச்சாக எழுதிவிட்டால், நூறாவது கணக்கும் முதல் கணக்கைப் போலவே பிறக்கும். முன்னிருப்பாகக் கிடைக்கும் கணக்கை நம்பியிருப்பதும் சரிப்படாது. கிளவுட் பில்டின் முன்னிருப்புக் கணக்கு எது என்பதைப் புதிய ப்ராஜெக்டுகளுக்குக் கூகுள் 2024-இல் மாற்றியது. பழைய ப்ராஜெக்டில் ஓடிய ஸ்கிரிப்ட், புதிய ப்ராஜெக்டில் வேறொரு கணக்கின் உரிமையோடு ஓடத் தொடங்கியது.

கூடவே வரும் சில்லறைச் சிக்கல்களும் உண்டு. ஒரே நேரத்தில் எத்தனை பில்ட் ஓடலாம் என்ற வரம்பு ப்ராஜெக்டுக்குத்தான். 15 இடத்தில் பிரிந்திருந்தது இப்போது ஒரே வரிசையில் நிற்கும். பில் முழுவதும் மையக் குழுவின் தலையில் விழும். எந்தக் குழுவுக்கு எவ்வளவு என்று லேபிள் ஒட்டிப் பிரித்துக் காட்டாவிட்டால் அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் மையக் குழுவே இருக்காது.

ஒரே இடத்தில் வைத்தால் ஒரே இடத்தில் போகுமே

நியாயமான கேள்வி. ஊருக்குப் போகும்போது தெருவில் எல்லோரும் சாவியை ஒரே வீட்டில் கொடுத்துவிட்டுப் போனால், திருடனுக்கு அந்த ஒரு வீடு போதும்.

2023 ஜனவரி 4 அன்று சர்க்கிள்சிஐ என்ற பில்ட் சேவை தன் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் அறிவிப்பு விடுத்தது: எங்களிடம் வைத்திருக்கும் எல்லா ரகசியச் சாவிகளையும் உடனே மாற்றிவிடுங்கள். முந்தைய டிசம்பர் 16 அன்று அவர்களின் பொறியாளர் ஒருவரின் மடிக்கணினியில் தீநிரல் புகுந்திருந்தது. இரட்டை அடையாளச் சோதனை முடித்து உள்ளே நுழைந்திருந்த அவருடைய அமர்வுக் குக்கீயை அது திருடிக்கொண்டது. சோதனையைத் தாண்டிய அடையாளமே கையில் இருந்ததால் சோதனை மறுபடி குறுக்கே வரவில்லை. டிசம்பர் 22 அன்று வாடிக்கையாளர் தரவுகள் வெளியேறின.

கோட்கவ் கதை இன்னும் நுட்பமானது. சோதனைகள் நிரலில் எவ்வளவு பகுதியைத் தொடுகின்றன என்று அளக்கும் சேவை அது. ஆயிரக்கணக்கான பைப்லைன்கள் ஒவ்வொரு பில்டிலும் அதன் ஸ்கிரிப்டை இணையத்திலிருந்து இறக்கி ஓடவிட்டுக்கொண்டிருந்தன. 2021 ஜனவரி 31 முதல் அந்த ஸ்கிரிப்டில் யாரோ அவ்வப்போது மாற்றம் செய்துவந்தார்கள். பில்ட் சூழலில் இருந்த ரகசியங்களை அது வெளி சர்வருக்கு அனுப்பியது. இரண்டு மாதம் ஒருவருக்கும் தெரியவில்லை. ஏப்ரல் 1 அன்று, இறக்கிய ஸ்கிரிப்டின் கைரேகையையும் வெளியிடப்பட்ட கைரேகையையும் ஒப்பிட்டுப் பார்த்த வாடிக்கையாளர் ஒருவர்தான் வித்தியாசத்தைச் சொன்னார். டெராஃபார்மைத் தயாரிக்கும் ஹாஷிகார்ப் நிறுவனமே, தன் வெளியீடுகளில் கையொப்பமிடும் சாவி இதில் அம்பலமானதாக அறிவித்துச் சாவியை மாற்றியது.

2025 மார்ச்சில், கிட்ஹப் தளத்தின் பைப்லைன் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் நடந்ததும் இதன் உறவுதான். எந்தெந்தக் கோப்புகள் மாறின என்று சொல்லும் சிறிய ஆக்‌ஷன் ஒன்றை 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் பயன்படுத்தின. அதைக் கைப்பற்றியவர்கள் பழைய பதிப்புப் பெயர்களையெல்லாம் தங்கள் தீநிரலை நோக்கித் திருப்பிவிட்டார்கள். அது ஓடிய பில்டுகளின் ரகசியங்கள் லாகில் அச்சாயின. பொது ரெப்போவாக இருந்தால் உலகமே படிக்கலாம். பதிப்புப் பெயரை நம்பாமல் கமிட்டின் கைரேகையை எழுதி வைத்திருந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. குபர்னெட்டீஸின் பட்டியலில் டைஜஸ்ட் எழுதச் சொன்னதன் காரணமும் இதுவே.

மூன்று சம்பவங்களிலும் பொதுவாக இருப்பது, நீண்ட காலம் செல்லுபடியாகும் சாவிகள் பில்ட் நடக்கும் இடத்திலேயே கிடந்ததுதான். அதற்கு இப்போது மருந்து இருக்கிறது. 2021 அக்டோபரில் கிட்ஹப் கொண்டுவந்த ஓஐடிசி முறையில், பைப்லைன் ஓடும்போது ‘இந்த ரெப்போவின் இந்தக் கிளையில் ஓடும் வேலை இது’ என்று கிட்ஹப் ஒரு சான்று எழுதித்தரும். கூகுளோ அமேசானோ அதைச் சரிபார்த்து, குறுகிய நேரத்துக்கு மட்டும் செல்லும் அனுமதியைக் கொடுக்கும். கோப்பில் வைத்திருக்கும் சாவியே தேவையில்லை. திருடுவதற்கு ஒன்று இருந்தாலும் அதன் ஆயுள் சிறிது.

சோலார்விண்ட்ஸ் வகைத் தாக்குதலுக்கு இது போதாது. அங்கே திருடப்பட்டது சாவி அல்ல. பில்ட் நடக்கும் தருணம். அதற்காகவே 2021 ஜூனில் கூகுள் எஸ்எல்எஸ்ஏ என்ற தரநிலையை முன்வைத்தது. 2023 ஏப்ரலில் அதன் 1.0 வந்தது. அதன் முதல் நிலையில், எந்த மூலநிரலிலிருந்து, எப்படிக் கட்டப்பட்டது என்ற பிறப்புச் சான்று இமேஜுக்கு இருந்தால் போதும். இரண்டாம் நிலையில், அந்தச் சான்றில் பில்ட் தளமே கையொப்பமிட வேண்டும். மூன்றாம் நிலையில், குழு எழுதிய பில்ட் வரிகள் எதுவும் அந்தக் கையொப்பச் சாவியை எட்ட முடியாதபடியும், ஒரு பில்ட் இன்னொரு பில்டைத் தொட முடியாதபடியும் தளம் இருக்க வேண்டும். ஐந்து குழுக்கள் தனித்தனியாக மூன்றாம் நிலையை எட்டுவது நடக்காத காரியம். ஒரு மையத் தளம் எட்டினால் ஐந்து குழுக்களும் எட்டியதாகும். மையப்படுத்துவதன் பக்கம் இருக்கும் வலுவான வாதம் செலவு மிச்சம் அல்ல, இதுதான். சோலார்விண்ட்ஸும் பிற்பாடு தன் பில்ட் முறையை மாற்றி, ஒரே மென்பொருளைத் தனித்தனிச் சூழல்களில் இணையாகக் கட்டி, விளைவுகளை ஒப்பிடத் தொடங்கியது.

மனிதர்கள்

மையக் குழு ஒன்று உருவானதும் முதலில் உருவாவது ஒரு டிக்கெட் வரிசை. நோட்.ஜேஎஸ் பதிப்பை மாற்ற ஒரு டிக்கெட். சோதனைக்கு ஐந்து நிமிடம் கூடுதல் நேரம் கேட்டு ஒரு டிக்கெட். மூன்றாவது டிக்கெட் தாமதமாகும்போது, குழு சத்தமில்லாமல் தன் ப்ராஜெக்டில் மறுபடி, பில்டைத் தொடங்கிவைக்கும் ட்ரிக்கர் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அதைத் தடுக்க உரிமையைப் பிடுங்கலாம். அதைவிட, மைய வழி சுலபமாக இருந்தால் யாரும் சுற்றுவழி தேட மாட்டார்கள். நெட்ஃபிளிக்ஸ் பின்பற்றும் முறை இதற்கு நெருக்கமானது. தயாராகப் போட்டுவைத்த பாதை ஒன்று இருக்கிறது. அதில் வருபவர்களுக்கு மையக் குழுவின் ஆதரவு முழுவதும் உண்டு. விலகிப் போக விரும்பும் குழு போகலாம். அதன் பராமரிப்பும் இரவு நேர அழைப்பும் அந்தக் குழுவுக்கே. 2015-இல் அவர்கள் திறமூலமாக வெளியிட்ட ஸ்பின்னக்கர், அந்தப் பாதையின் டெப்ளாய் பகுதியாக வளர்ந்த கருவி.

கூகுள் இதற்கு நேரெதிரான துருவத்தில் நிற்கிறது. 2015 நிலவரப்படி சுமார் 200 கோடி வரி நிரல், 86 டெராபைட், சுமார் 25,000 பொறியாளர்கள், எல்லாம் ஒரே ரெப்போவில் என்று ரேச்சல் பாட்வினும் ஜோஷ் லெவன்பெர்க்கும் 2016-இல் எழுதினார்கள். அதற்கு ஈடுகொடுக்கும் பில்ட் கருவியையும் அவர்களே செய்துகொண்டார்கள். மற்றவர்கள் அதை அப்படியே பின்பற்றுவது அவர்கள் செலவழித்ததையும் செலவழிக்கத் தயாராக இருந்தால் மட்டுமே பொருந்தும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு வேலையின் வரிசை முக்கியம். எந்தெந்த ப்ராஜெக்டில் பில்ட் ட்ரிக்கர் இருக்கிறது, அது எந்தக் கணக்கில் ஓடுகிறது என்ற பட்டியல் முதலில். கூகுள் கிளவுடில் அஸெட் இன்வென்டரி என்ற வசதி அந்தப் பட்டியலை எடுக்க உதவும்; யாருக்கும் நினைவில்லாத ட்ரிக்கர்கள் அப்போது எட்டிப் பார்க்கும். அடுத்து கிடங்கு. பில்டுகள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். இமேஜ்களை மட்டும் பொதுக் கிடங்குக்கு அனுப்பச் சொன்னால் போதும். அந்த ஒரு மாற்றத்திலேயே ‘எங்கெல்லாம் இருக்கிறது’ என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். பிறகு, ஒருமுறை கட்டியதை டைஜஸ்ட் வழியே அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் பழக்கம். பில்டுகளை மைய ப்ராஜெக்டுக்கு இடம்பெயர்ப்பது அதற்குப் பின். புரொடக்‌ஷனில் டெப்ளாய் செய்யும் உரிமையைப் பழைய கணக்குகளிடமிருந்து எடுப்பது கடைசி. இரண்டு வழிகளும் சில வாரங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடியபின்தான் அதைச் செய்ய வேண்டும்.

காலக்கெடு பற்றி யாராவது உறுதி கேட்டால் குபர்னெட்டீஸைக் காட்டலாம். 2018-இல் பணம் வந்தது. ப்ரோ கருவியின் கட்டுப்பாட்டு மையமே சமூகத்தின் சொந்தக் கட்டமைப்புக்கு மாறியது 2024-இல். 15 ப்ராஜெக்ட் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அவ்வளவு ஆகாது. ஆனால் ஒரு காலாண்டில் முடியும் என்று மேலாளரிடம் எழுதிக் கொடுப்பதற்கு முன், பட்டியல் எடுக்கும் முதல் வேலையை மட்டுமாவது முடித்துவிடுவது நல்லது. பெரும்பாலும் அந்தப் பட்டியல், நினைத்ததைவிட நீளமாகத்தான் வரும்.

உரிமைகள் பற்றிய பகுதியில் கேள்விகள் இருக்கக்கூடும். அவற்றை இனி எடுத்துக்கொள்ளலாம்.